காதில்லாத ராஜா

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பழங்காசுக் கடைக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். இந்த வயதில் அப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு என்ன தெரியும்? பதினோரு வருஷமாக "அந்தக் காசை விக்க மாட்டேன், போய்யா" என்று விரட்டிய கண்டக்டர், இன்று காலை தானாகவே ஃபோன் பண்ணி, "வந்து எடுத்துட்டுப் போ" என்றிருந்தார்.

கதவுக்கு வெளியே நின்று மூச்சை அடக்கினார். முகத்தைக் கொஞ்சம் சலிப்பாக வைத்துக்கொண்டார். ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும்.

கண்டக்டரே கதவைத் திறந்தார்.

"என்னய்யா, ஓடியா வந்தே?"

"சேச்சே. இந்தப் பக்கம் ஒரு வேலை. அப்படியே எட்டிப் பாக்கலாம்னு."

"வேர்த்து ஊத்துது?"

"வெயில்."

"வெளியில மழை தூறுதேய்யா!"

கடைக்காரர் அசடு வழிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். நெரிசலில் செல்லாத காசை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனவர்கள் ஏராளம். டிப்போவில் தன் பையிலிருந்து அதை ஈடுகட்டிவிட்டு, செல்லாத காசை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்படி ஒரு நாள் வந்து சேர்ந்தவர்தான் ராஜா.

"இந்த ராஜா கதை உனக்குத் தெரியுமில்ல?"

ஐம்பது தடவை கேட்ட கதை. "சொல்லுங்க, சொல்லுங்க."

"கப்பல்ல வந்து நாட்டைப் பிடிச்சவன் அடிச்ச வெள்ளிக் காசு. அச்சு வெட்டினவன் ராஜாவுக்குக் காது வைக்க மறந்துட்டான். ஆயிரக்கணக்கில அடிச்சு ஊரெல்லாம் விட்டப்புறம்தான் கவர்னர் பாத்திருக்கான். குதிகுதின்னு குதிச்சு, அத்தனையும் பிடுங்கி உருக்கச் சொல்லிட்டான். ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'அச்சுக்காரன் சரியாத்தான் வெட்டியிருக்கான். நாம கத்தினது என்னைக்கு இவர் காதுல விழுந்துச்சு?'"

கண்டக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உருக்கியதில் தப்பியவை நாலே நாலு. மூன்று எங்கே இருக்கின்றன என்று கடைக்காரருக்குத் தெரியும். நாலாவது இந்த வீட்டில். அதை என்ன விலைக்கும் வாங்க ஒரு பணக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"இப்ப மட்டும் எப்படி மனசு வந்துச்சு?"

கண்டக்டரின் சிரிப்பு நின்றது.

"மருமகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டணுமாம். பையன் லாரி ஓட்டுறவன், அவனால முடியாது. பத்து வருஷமா எனக்கு ஆக்கிப் போடுறா. இந்த ராஜா எனக்கு என்னத்தைக் கிழிச்சார்?" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மாடி, ராஜாவை எடுத்துட்டு வா."

மருமகள் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார். உடனே நிமிர்ந்தார். கண் கூசியது. புது எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளவென்று இருந்தது காசு.

"ஐயையோ! யாரு இதைத் தேய்ச்சது?"

"நான்தான் சார். நீங்க வர்றீங்கன்னு மாமா சொன்னார். ஒரே கறுப்பா அசிங்கமா இருந்துச்சு. பல்பொடி போட்டு, பாத்திரம் தேய்க்கிற நாரால..."

"நாராலயா!" கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கறுப்புக்குத்தானேம்மா விலையே! காதை அச்சுக்காரன் விட்டான். மூக்கையும் நீ எடுத்துட்டியே!"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணும் தேறாதாய்யா?" கண்டக்டர் மெல்லக் கேட்டார்.

"எடைக்கு எடுத்துக்கறேன். வெள்ளி விலை. ஒரு மாச பஸ் பாஸுக்குக்கூடக் காணாது."

"எடைக்கா? எங்க ராஜாவையா?" கண்டக்டர் தட்டிலிருந்து காசை வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "போகட்டும். அவரும் பாவம், இத்தனை வருஷத்துல ஒரு தடவை குளிச்சிருக்கார்."

கடைக்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், பின்னாலேயே செருப்புச் சத்தம்.

"ஒரு நிமிஷம் சார்." மருமகள். "வேற கடையில யாராவது வாங்குவாங்களா?"

"எவனும் வாங்க மாட்டான்."

"வெளியூர்ல?"

"எந்த ஊர்லயும் வாங்க மாட்டான்!"

"நிச்சயமா?"

"நிச்சயம்மா! நர்ஸுக்குப் படிக்கப் போறவளாம். பழைய காசைத் தேய்க்கக் கூடாதுன்னு உனக்கு யாருமே சொல்லலையா?"

அவள் மேலே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து முழுக்க மாமா அதைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தார் சார். ஒரு வாய் சாப்பிடல. வேண்டாம்னு சொன்னா அவர் கேக்கற ஆளில்ல. எனக்கென்ன, அடுத்த வருஷமும் பரீட்சை எழுதுவேன், இடம் கிடைக்கும். இன்னொரு ராஜாவுக்கு அவர் எங்க போவார்?"

கடைக்காரர் இறங்க எடுத்த காலைத் திரும்ப மேல்படியில் வைத்தார்.

"தேய்க்கக் கூடாதுன்னு, நீங்க மாமாகிட்ட குடுத்துட்டுப் போன உங்க கடை நோட்டீஸ்லயே போட்டிருக்கீங்களே சார். அதை ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் நாரைக் கையில எடுத்தேன்."