குறுக்கே பேசுகிறவர்

"மறுபடியும் குறுக்கே பேசுறார் பாருங்க! இங்கிதம் தெரியாத மனுஷன்!"

முன்வரிசையில் இருந்த விமரிசகர் பல்லைக் கடித்தார். நூலக அரங்கில் அன்று மாலை எழுத்தாளர்கள் சந்திப்பு. தலைப்பு, 'கதை, குடும்பம், நட்பு'. மேடையில் மூன்று பேர். கதையைப் பற்றிப் பேச நாவலாசிரியர். நட்பைப் பற்றிப் பேச அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர் துணுக்கு. குடும்பத்தைப் பற்றிப் பேச நாவலாசிரியரின் மகள்.

துணுக்கு என்பது பட்டப்பெயர்தான். பத்திரிகைப் பக்கங்களில் மூலையில் மிச்சமாகும் இடத்தை நிரப்ப ஆயுள் முழுக்க ஜோக் எழுதியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாவலாசிரியரோ தலையணை கனத்தில் நாவல்கள் எழுதி, கிடைக்கிற விருதையெல்லாம் வாங்கியவர்.

"என் முதல் கதை எப்படி அச்சாச்சு தெரியுமா? நானும் இவனும் பத்திரிகை ஆபீஸுக்குப் போனோம். அங்க ஆசிரியர் வந்து..."

நாவலாசிரியர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பெரிய எழுத்தாளர்கள் நிறுத்தினால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று நம்பும் கூட்டம் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

துணுக்கு விட்டால்தானே!

"ஆசிரியர் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தார்! எழுப்பினா கதையைத் திருப்பிக் குடுத்துடுவாரேன்னு மேஜையில வெச்சுட்டு ஓடியே வந்துட்டோம்!"

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு முகத்தைச் சுளித்தது.

"அடுத்தவர் கதைக்கு இவர் ஏன் முடிவு சொல்றார்?"

"கூடப் படிச்சவன் பேர் வாங்கினா வயிறு எரியத்தானே செய்யும்!" என்றார் விமரிசகர். பத்துப் பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து நாவலாசிரியர் மறுபடி மைக்கைப் பிடித்தார். "அப்புறம், என் முதல் கதை..." என்று தொடங்குவதற்குள் துணுக்கு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"போதும்ப்பா உன் பெருமை! எனக்கும் கொஞ்சம் இடம் விடு."

அரங்கம் 'உச்' கொட்டியது. நாவலாசிரியரின் மகள் முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் தன் முறை வந்ததும் சமாளித்துக்கொண்டு எழுந்தார். உறவுகளைப் பற்றி எழுதி வாசகர்களை அழவைப்பதில் கெட்டிக்காரர். அப்பாவைப் பற்றியே எழுதிய புது நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அப்பாவோட மௌனத்தைக்கூட எனக்குப் படிக்கத் தெரியும். அவர் மனசுல என்ன இருக்குன்னு ஒரு பார்வையிலயே சொல்லிடுவேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. விமரிசகர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நாவலாசிரியரும் எல்லோரையும் போல மரியாதையாகக் கைதட்டினார்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு மூவரும் போனார்கள். வெளியே கையெழுத்து வாங்க வாசகர்கள் வரிசையில் நின்றார்கள். மகள் கதவைச் சாத்தினார்.

"மாமா, உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"என்னம்மா?"

"ரயிலை விட்டு இறங்கி நேரா இங்க வர்றேன். 'டேய், உன் பொண்ணு வந்துட்டாடா'ன்னு வாசல்லயே கத்துறீங்க. எங்கப்பாவுக்கே என்னை அறிமுகம் பண்றீங்களா? போன் பண்ணினாலும் நீங்கதான் எடுக்குறீங்க, நீங்கதான் பேசுறீங்க. இப்போ மேடையிலயுமா?"

"பழகிப்போச்சும்மா. மன்னிச்சுக்கோ." ஊரையே சிரிக்கவைத்தவருக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. "ஒரு எட்டு வந்துட்டுப் போம்மான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்."

"எங்க மாமா நேரம்? ரெண்டு வருஷமா ராப்பகலா அப்பாவைப் பத்திதானே எழுதிட்டிருந்தேன்!"

துணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு நாவலாசிரியரை உட்காரவைத்தார்.

"இனிமே நீங்க அப்பாவோட மேடை ஏறக் கூடாது. எல்லாக் கூட்டத்துக்கும் நானே கூட உட்கார்ந்துக்கறேன். அவர் மனசுவிட்டுப் பேசட்டும்."

துணுக்கு அவசரமாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். "அது மட்டும் வேண்டாம்மா. கொஞ்சம் தனியா வா, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"மேடை போயிடுமேன்னு பயமா? தனியா எல்லாம் எதுவும் வேண்டாம். அப்பாவே சொல்லட்டும். அப்பா, இனிமே இவர் உங்க பக்கத்துல வேணுமா? நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

"அவனை எதுக்கும்மா கேட்கிறே, நான் வந்து..."

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது! ஒரு தடவையாவது எங்கப்பாவைப் பேச விடுங்க!"

துணுக்கு வாயை மூடிக்கொண்டார். அன்று மாலை முழுவதிலும் அப்போதுதான் அவர் குறுக்கே பேசவில்லை.

நாவலாசிரியர் மகளை நிமிர்ந்து பார்த்து அன்பாகச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மகளின் கையில் இருந்த நாவலை மெல்ல வாங்கி, முதல் பக்கத்தைப் பிரித்தார்.

"கோபப்படாதீங்கம்மா, இவன் எப்பவுமே இப்படித்தான். சொல்லுங்க, யார் பேருக்குக் கையெழுத்துப் போடணும்?"