தூசி

“இலையெல்லாம் ஒரே தூசி, கண்ணு!”

ஈரோட்டிலிருந்து அமெரிக்காவின் எடிசன் நகருக்கு வந்திருந்த வசந்தாமணி, மேப்பிள் மர நிழலில் இருந்த ஹோஸ்டா செடியை, பந்திக்கு வாழையிலை துடைப்பதுபோல ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அதத் தொடாதீங்க!” மருமகள் தாமரைச்செல்வி பதறி ஓடிவந்தாள்.

அவள் கணவன் சபரிநாதன் ஆசையாக வளர்த்த செடி அது. யாரையும் கைவைக்க விடமாட்டான். இலைமேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடிதான் அதற்கு நீல நிறம் தருவது. துடைத்தால் வெறும் பச்சைதான்.

“போன்ல நீலமாக் காட்டுனான், கண்ணு. தொடச்சா அந்த நீலம் தெரியுமில்ல? அவன் இருக்கறப்ப வர விசா கெடைக்கல, காரியத்துக்குத்தான் கெடச்சுது. எம்பையனுக்கு இதையாச்சும் செய்யறேன்.”

தாமரைச்செல்வி செடியைப் பார்த்தாள். ஒரே ஓர் இலை மட்டும் நீலமாக மிஞ்சியிருந்தது. அத்தை கண்ணில் படுவதற்குள், அதையும் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.