சத்தம் போடாத டயர்

"ஏலே மைதீனு, மலை ஏறுத வண்டிக்கா இந்த டயரக் கேக்குத? ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

தென்காசி டயர் கடைக்காரர் காந்திமதிநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு டயர்கள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒன்றில் கட்டை கட்டையாக ரப்பர் பற்கள். எந்தச் சேற்றையும் கடித்துக்கொண்டு ஏறும். மற்றதில் நீளவாட்டில் நான்கு கோடுகள், அவ்வளவுதான். மைதீனின் கை அந்தக் கோட்டு டயரின் மேல் இருந்தது.

"இது போதும், அண்ணாச்சி."

"எது போதும்? இது தாசில்தார் ஜீப்புக்குப் போடுதது. அவரு தார் ரோட்ட விட்டு ஒரு அடி எறங்க மாட்டாரு. நீ எஸ்டேட்டுல மிளகு ஏத்துதவன். சாரல் மாசத்துல அந்த ஏத்தத்துல இது வழுக்குச்சுன்னா, ஒன்னயப் பள்ளத்துலதான் தேடணும்."

"டயரச் சுத்திச் சங்கிலி கட்டி ஏறிக்கிடுதேன்."

"போகையில எல்லாம் அடிவாரத்துல குனிஞ்சு சங்கிலி கட்டுவியா? பல்லு டயரு ஒனக்கு அப்படி என்னலே கெடுதி பண்ணுச்சு?"

மைதீன் கோட்டு டயரைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டான்.

"தார் ரோட்டுல ரொம்பச் சத்தம் போடுது."

காந்திமதிநாதன் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். "ஓஹோ! சத்தம் காட்டாமப் போகணுமாக்கும். செங்கோட்டச் செக்போஸ்ட்டத் தாண்டி அரிசி கடத்துதியா? நம்மகிட்டச் சொல்லக் கூடாதா?"

மைதீனும் சிரித்து வைத்தான். சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் சொல்லியிருப்பான்.

மைதீன் ஓட்டும் ஜீப் முதலில் அவனுடையது அல்ல. கூட்டாளி துல்கர்னைன் பின்பக்கத்தை அறுத்து, பலகை அடித்து, பல்லு டயர் மாட்டி, சாமான் வண்டியாக்கி ஓட்டியது. எழுபத்தெட்டில் விசாவுக்காக அதை மைதீனிடம் விற்றுவிட்டுத் துபாய்க்குப் போனான். மூன்றாம் வருடம் தந்திதான் வந்தது. அடக்கமும் அங்கேயே ஆயிற்று. இலஞ்சி வளைவில் இருக்கும் வீட்டில் அவன் மனைவி ஜைனப், கடைசியாக முகம்கூடப் பார்க்காமல் விதவைக்கான இத்தா காலத்தை வீட்டுக்குள் இருந்து முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. பல்லு டயர் தார் ரோட்டில் ஓடினால் ஊம் என்று ஓர் இரைச்சல் எழும். வயல்களைத் தாண்டி அரை மைலுக்குக் கேட்கும். வண்டி வளைவுக்கு வருமுன்பே ஜைனப் வாசலுக்கு வந்துவிடுவாள். முக்காட்டைப் பிடித்த கையோடு வண்டி கடக்கும்வரை பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். போகையில் ஒரு தடவை, வருகையில் ஒரு தடவை. இரண்டு வருடமாக இப்படித்தான்.

செத்தவன் வரமாட்டான் என்று அவள் அறிவுக்குத் தெரியும், காதுக்குத்தான் தெரியவில்லை என்று மைதீன் நினைத்தான். தினமும் அவளை ஏமாற்றிவிட்டுப் போவதுபோல் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. இலஞ்சி நெருங்கும்போது அவன் கை தானாகப் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வரும். கூட்டாளிக்காக வாசலில் நிற்பவளைப் பார்க்கக் காலர் எதற்கு?

"நாலும் இதுவே மாட்டுங்க, அண்ணாச்சி" என்றான்.

மறுநாள் வண்டி பூனை மாதிரி போயிற்று. இலஞ்சி வளைவில் வாசல் வெறுமையாக இருந்தது. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டான். அடிவாரத்தில் சங்கிலி கட்டும்போது விரல் நசுங்கியது. எஸ்டேட்டுக்குப் போய் மூட்டையைத் தொட்ட பிறகுதான் வலித்தது.

திரும்பி வரும்போதும் வாசலில் யாருமில்லை. அடுத்த நாளும் இல்லை. தான் கேட்டு வாங்கியதுதானே என்று மைதீன் நேராகப் பார்த்து ஓட்டினான். பழகிய ரோடு திடீரென்று நீண்டுவிட்டது போலிருந்தது.

எட்டாம் நாள் வளைவில் திரும்பியபோது ஜைனப் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் அல்ல, வாசலைத் தாண்டி, ரோட்டோர மைல்கல்லுக்குப் பக்கத்தில். சாரலில் முக்காடு முழுக்க நனைந்திருந்தது. கையை உயர்த்தினாள்.

மைதீன் பிரேக்கை மிதித்தான். கோட்டு டயர் வழுக்கி, அவளைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் வண்டி நின்றது. இறங்கி வந்தான்.

"எட்டு நாளா வண்டிச் சத்தத்தக் காணலியே?" என்றாள்.

"டயர மாத்திட்டேன், மதினி. இது சத்தம் போடாது."

"எதுக்கு மாத்துனிய?"

இதற்குமேல் மறைக்க அவனால் முடியவில்லை.

"அது துல்கர் வண்டிச் சத்தம்லா. அதக் கேட்டு நீங்க வாசலுக்கு ஓடி வருததப் பாத்தா எனக்குப் பொறுக்கல. தெனமும் ஒங்களுக்கு அந்த ஏமாத்தம் வேண்டாம்னுதான்..."

ஜைனப் நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செங்கோட்டை பஸ் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு பேரும் நகரவில்லை. மைதீன் வண்டிப் பக்கம் திரும்பினான்.

"அவுக வண்டிச் சத்தம் கேட்டா, சோறு எடுத்து வைக்க நான் அடுப்படிக்குத்தான் போவேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "அவுக இருந்த வரைக்கும், அந்தச் சத்தத்துக்கு ஒரு நாளும் நான் வாசலுக்கு வந்ததில்ல."