இரண்டாவது கப்

அந்தக் கதையில் அம்மா இறந்துவிட்டாள் என்று பத்தாம் வகுப்பு முடிவு செய்துவிட்டது. முப்பத்திரண்டு பேரில் முப்பத்தோரு கைகள் உயர்ந்தன. எப்படி இறந்தாள் என்பதில்தான் தகராறு.

டீச்சர் தாளை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார். பள்ளி விட்டு வீட்டுக்கு வரும் ஒரு பெண், தினமும் சாயங்காலம் இரண்டு கப் டீ போடுகிறாள். ஒன்று தனக்கு. இன்னொன்றை மேஜைக்கு எதிர்ப்பக்கம், அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வைக்கிறாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். பதில் வரவில்லை. டீயில் ஆடை படிகிறது. அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கப்பைக் கழுவுகிறாள். அதன் பிடியில் இருக்கும் சிவப்புக் கறையை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுகிறாள்.

அவ்வளவுதான் கதை. சாவு என்ற சொல்லே அதில் கிடையாது.

எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதாததைப் படிப்பதுதான் படிப்பு என்பது டீச்சர் அடிக்கடி சொல்வது. அதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தார். கதைகளில் பெயர் போடக் கூடாது. ஒருவர் கதையை இன்னொருவர் தன் கையெழுத்தில் படியெடுத்துத் தர வேண்டும், படியெடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே அந்த வகுப்பில் இல்லை. முப்பத்திரண்டு பேருக்கும் அவர் டீச்சர்தான்.

போன வாரம் ஒரு சைக்கிள் கதை. அந்தச் சைக்கிளின் மணிக்கு, வகுப்பில் வக்கீல் என்று பெயரெடுத்த பையன் ஆறு அர்த்தம் சொன்னான். ஏழாவதைத் தொடங்குவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, மணியையே எடுத்துவிடுகிறேன், ஆளை விடு என்று கும்பிட்டான். வகுப்பே உருண்டு சிரித்தது.

இன்று யாரும் சிரிக்கவில்லை. வக்கீல்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி, இருமும்போது ரத்தம் வந்திருக்கிறது, அந்தக் கையோடு கப்பைப் பிடித்திருக்கிறாள் என்றான்.

"அம்மாவோடதுன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான், டீச்சர். அதான் அவ அதைத் தேய்க்கல."

டீச்சர், கசிந்துகொண்டிருந்த, தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மிகச் சரியாகப் படித்திருக்கிறான் என்று பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை இந்தத் தாள் கைக்கு வந்ததிலிருந்தே அவருக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. தாயில்லாத ஒரு பிள்ளை இந்த முப்பத்திரண்டு பேருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் தாயார் பெயர் இருந்தது. பதிவேடு எழுதி நாலு வருஷம் ஆகிறதே, நடுவில் என்ன நடந்ததோ, யார் கண்டது என்று குமாஸ்தா கையை விரித்துவிட்டார்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தாக வேண்டும். இன்று விட்டால் அது மறுபடி ஓட்டுக்குள் போய்விடும் என்று டீச்சருக்குத் தோன்றியது. தன் விதியைத் தானே தளர்த்திக்கொண்டார்.

"யார் எழுதினதுன்னு இங்க சொல்ல வேண்டாம். தனியா வந்து என்னைப் பாரு, போதும். எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்து கேக்கறேன்."

டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இந்த வருஷம் இந்த வகுப்பில் ஒரு தடவைகூடக் கை தூக்காதவள்.

"நாற்காலி காலியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கா, டீச்சர்?"

டீச்சர் தாளைப் பார்த்தார். அம்மாவின் நாற்காலி என்று இருந்தது. காலி என்று எந்த வரியிலும் இல்லை.

வக்கீல் விடவில்லை. அம்மா எதிரில் இருந்தால் ஏன் ஒரு பதிலும் சொல்லவில்லை, டீ ஏன் ஆறிப்போனது என்று அடுக்கினான். அவன் கேட்பதும் நியாயம்தானே என்று டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெற்ற பிள்ளை பேசப் பேசக் காதில் வாங்காமல் எந்தத் தாயாவது உட்கார்ந்திருப்பாளா?

அந்தப் பெண் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வக்கீல் அவளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

"சரி, அம்மா எதிர்லதான் இருக்காங்கன்னே வச்சுக்குவோம்" என்றார் டீச்சர். "அப்போ அந்த ரத்தக் கறை?"

"அது ரத்தமில்லம்மா. உன் பேனா மை."