சம்பந்தி கண்ட பிழை

"இதிலை ஒரு பெரிய பிழை இருக்கு. திருத்தாமல் இந்தப் படம் என்ர வீட்டுச் சுவரிலை ஏறாது!"

பத்து மணிக்குத் தேவாலயத்தில் கலியாணம். எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் தாய் நேசம்மா, மார்கழி மழைக்குள் காரில் வந்து இறங்கி, குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் கையிலிருந்த கண்ணாடிப் படத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றால், பெண்ணைப் பெற்றவருக்கு எப்படி இருக்கும்? தங்கத்துரை ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

படம் அவர் கொடுத்ததுதான். நேற்றுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பெயர்ப்பலகை எழுதும் லாபிரைப் பிடித்து, பொன் எழுத்தில் ஒரு வேத வசனம் எழுதுவித்து, அடியில் 'மருமகன் பாக்கியரத்தினத்துக்கு' என்றும் போடுவித்துச் சட்டம் அடித்த படம்.

வசனம் இதுதான்: நாம் பிரிந்திருக்கும்போது எனக்கும் உனக்கும் நடுவில் நின்று ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

"லாபிர் எழுத்தை விட்டுட்டானோ, சம்பந்தி?"

"எழுத்தெல்லாம் முத்து முத்தாய்க் கிடக்கு. இந்த வசனத்தை எங்கை பிடிச்சனீங்கள்?"

தங்கத்துரைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"டொக்யாட்டிலை கப்பல் வேலை செய்யேக்கை என்ர துரையின்ர பெண்சாதி கழுத்திலை போட்டிருந்த பதக்கத்திலை பாத்தனான். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகேக்கை அந்த மனிசி இதைத் தொட்டுத் தொட்டு அழுதது. பிரியிற ஆக்களுக்கு நல்ல ஆசீர்வாதம் எண்டு நினைச்சன்."

"பதக்கத்திலை வசனம்தான் கிடக்கும், அதிகாரம் கிடக்காது. நான் ராத்திரி முழு அதிகாரமும் வாசிச்சனான்." கைப்பையிலிருந்து வேதப்புத்தகம் வெளியே வந்தது. "வாசியுங்கோ. சத்தமாய்."

தங்கத்துரை வாசித்தார். சவர்க்கார நுரை ஆதியாகமத்தில் சொட்டியது. வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. உள்ளறையில் மகள் பூரணிக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்த பெண்களின் கலகலப்பு நின்று, அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் ஏழெட்டுக் காதுகள் வந்து சேர்ந்தன.

"இதை ஆர் சொன்னது?" நேசம்மா விசாரித்தார்.

"லாபான்."

"ஆருக்கு?"

"மருமகன் யாக்கோபுக்கு."

"லாபான் எப்பிடிப்பட்ட ஆள்?"

"இளையவளைக் காட்டி, மூத்தவளைத் தலையிலை கட்டினவன்."

"யாக்கோபு?"

"மந்தையிலை கொழுத்ததெல்லாத்தையும் தன்ர பக்கம் சேத்துக்கொண்டு, மாமனுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினவன்."

"அப்ப ரெண்டும் கள்ளர்! ரெண்டு கள்ளரும் கல்லைக் குவிச்சு வைச்சு, இதைத் தாண்டி நீயும் வராதை, நானும் வரமாட்டன், என்ர பெட்டையளைக் கஷ்டப்படுத்தாதை, வேறை கலியாணம் கட்டாதை, ஆண்டவர் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு செய்த உடன்படிக்கை இது. ஆசீர்வாதமோ? வேலிச் சண்டை!"

சீலைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் மணப்பெண்ணாக நிற்கிறாள். ஒரு பதக்கத்தைப் பார்த்துத் தான் செய்த கூத்தால் கலியாணம் நின்றுபோனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அழிப்பிக்கிறன் சம்பந்தி, இப்பவே அழிப்பிக்கிறன். 'ஆமென்' எண்டு மட்டும் எழுதுவிக்கிறன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டும் இராது."

படத்தை வாங்க நீட்டிய கையைத் தங்கத்துரை பாதியில் இழுத்துக்கொண்டார்.

"இல்லை. ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அந்த லாபான் கள்ளனாய் இருக்கட்டும். ஆனா அவன் சொன்னதுதான் ஒரு மாதமாய் என்ர நெஞ்சுக்குள்ளையும் கிடக்கு. தாய் இல்லாமல் நான் வளத்த பிள்ளை. உங்கடை வீட்டிலை அவள் அழுதால் எனக்கு இஞ்சை கேக்காது. ஆராவது பாத்துக்கொண்டு நிக்க வேணும். வசனத்தை அழிக்க ஏலாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சரி, கலியாணம் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டார்.

நேசம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"வசனத்தை அழிக்கச் சொல்லி ஆர் கேட்டது? ஒருத்தரையொருத்தர் முழுக்க நம்பிற ஆக்களுக்கு உடன்படிக்கை ஏன்? நம்பாத ரெண்டு பேருக்கு நடுவிலையும் ஆண்டவர் வந்து நிண்டாரே, அதை வாசிச்சுப்போட்டு எனக்கு நித்திரை வரேல்லை. கோயிலிலை திருவிருந்திலை நாங்கள் குடிக்கிற ரசக் கிண்ணமும் ஆண்டவர் எங்களோடை செய்த உடன்படிக்கைதானே. நாங்கள் நல்லவையெண்டால் அது எங்களுக்கு எதுக்கு?"

"அப்ப... ஏதோ பிழை எண்டனீங்கள்?"

"ஓம், பிழைதான். முதலிலை அந்த மற்றக் கன்னத்தை வழிச்சுப்போட்டு லாபிரட்டை ஓடுங்கோ." நேசம்மா படத்தின் அடியிலிருந்த பொன் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"பேர் பிழை. என்ர மகன் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவான். நாள் முழுக்க உங்கடை பிள்ளையோடை நிக்கப்போறது ஆர்? 'மாமி நேசம்மாவுக்கு' எண்டு மாத்தி எழுதுவிச்சுத் தாங்கோ. குசினியிலை, அடுப்புக்கு மேலை, என்ர கண்ணுக்கு நேரை மாட்ட வேணும்."