பின்சீட்டில் பால்

முதலில் காரின் மிதியடிகளை எடுத்து வெளியே போட்டான்.

குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தான். மண் வாடை, ரப்பர் வாடை. இது அதில்லை.

காருக்குள் வாசனைப் புட்டி தொங்கவிட்டாயிற்று. கிண்ணத்தில் காப்பித் தூள் வைத்தாயிற்று. சமையல் சோடாவைத் தூவி, ஊறவிட்டு, உறிஞ்சி எடுத்தாயிற்று. நாற்றம் அசைந்து கொடுக்கவில்லை. தினமும் கூட வரும் ஆபீஸ் நண்பருக்குத் திடீரென்று உடம்பின் மேல் அக்கறை வந்து, நடந்தே வருகிறேன் என்று கழன்றுகொண்டார்.

காரணம் என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைசுற்றுகிறது என்று சொன்ன அவன் அப்பாவை, அவன் மனைவி டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வழியில் வாங்கிய பால் பாக்கெட் பின்சீட்டில் வெடித்துவிட்டதாம். அங்கேதான் அப்பா தூங்கிக்கொண்டு வந்தார். விழித்துப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் பால். மருமகள் என்னைப் பாலிலேயே குளிப்பாட்டிவிட்டாள் என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதே முடிவாகாமல் வீட்டில் இழுபறியாகக் கிடக்கிறது. அதற்கு நடுவில் இது வேறு.

காலையில் கிளம்பும்போது ஒரு பாட்டம், மாலையில் வந்து இறங்கியதும் ஒரு பாட்டம் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினான். ஒரு பாலைப் பத்திரமாகக் கொண்டுவரத் துப்பில்லையா என்றான். அவள் பதிலே பேசவில்லை. அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி கிடையாது. செய்த தப்பு குறுகுறுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டான்.

ஏ.சி. ஃபில்டரைக் கழற்றினான். சருகும் தூசியும் ஒரு செத்த கரப்பானும் வந்தன. டிக்கியில் ஈரக் குடை. தன் பக்கத்துக் கதவின் பையில் கறுத்துச் சுருண்ட வாழைப்பழத் தோல். அது அவன் போட்டதுதான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தான்.

மிச்சம் இருந்தது பின்சீட்டு. மேல்துணியைப் பலமுறை தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். அடியில் யாரும் பார்த்ததில்லை.

முன்விளிம்பில் கைகொடுத்துத் தூக்கினான். கொக்கி விட்டது. மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுப் புரட்டினான்.

ஸ்பாஞ்சில் பால் காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. குப்பென்று புளித்த நெடி. மாட்டிக்கொண்டாயா என்றான் அதனிடம்.

பிறகுதான் அந்தக் கறையைச் சுற்றி இன்னொரு கறை இருப்பதைப் பார்த்தான். அதைவிடப் பெரியது. மஞ்சளாக ஓரம் கட்டியிருந்தது.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். இந்த நெடி அவனுக்குத் தெரியும்.

போன மாதம் அப்பாவின் படுக்கையில் அடித்தது. அவனும் அவளும்தான் அந்த மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே அவளிடம் கறாராகச் சொன்னான். அது அப்பாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

காரில் சீட்டு மெத்தை இருந்த இடத்தில் பால் பாக்கெட் கசங்கிக் கிடந்தது. சீட்டு இடுக்கு வழியாக உள்ளே நழுவியிருக்கும். எடுத்து நீவிப் பார்த்தான்.

அது வெடிக்கவில்லை. ஓரம் எங்கேயும் பிரியவில்லை. ஒரே ஒரு மூலை மட்டும் பல்லால் கடிக்கப்பட்டிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா வாசலுக்கு வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"என்னப்பா, நாத்தம் எதுலேருந்து வருதுன்னு தெரிஞ்சிடுச்சா?"

கேட்ட விதத்திலேயே புரிந்தது, அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது.

அவன் பாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். மெத்தையைக் கவிழ்த்துப் போட்டான். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"எல்லாம் உங்க மருமக கொட்டின பால்தாம்பா! எதையாவது ஒழுங்கா செய்யத் தெரியுதா இவளுக்கு!"

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். பாவம், அவளைத் திட்டாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜன்னலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவள் முகத்தைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.