இடது பக்க விளக்கு

அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்துக் காரின் டிக்கியைத் திறந்து, இடது பக்க பிரேக் விளக்கின் பல்பைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள் மகள்.

மறுநாள் காலை அந்தக் காருக்குச் சோதனை. அந்த ஊர்ச் சட்டப்படி, வாங்கி நாலு வருஷம் ஆனால் எந்தக் காரும் சோதனை நிலையத்துக்குப் போய், ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று தாள் வாங்கி வரவேண்டும். இந்தக் காருக்கு இதுதான் முதல் தடவை. பெற்ற அப்பாவின் வண்டியில் இப்படிக் கை வைப்பாளா ஒருத்தி?

வைக்கும்படி ஆகிவிட்டது.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ஒரு கீறல் கிடையாது. ஆனால் இந்த மூன்று மாதத்தில் வீட்டுக் கேட் தூணில் இரண்டு முறை உரசிவிட்டார். பக்கத்து வீட்டு சைக்கிளைச் சாய்த்துவிட்டார். எல்லாமே இடது பக்கம். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவதும் அந்தக் காரில்தான். வேலை செய்யும் இடத்தில் அந்த நேரம் வந்தாலே மகள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் சாப்பிடும்போது, ஒரு தரம் கண் டாக்டரிடம் காட்டினால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கப்பா கண்ணையா குத்தம் சொல்ற? அந்தத் தூண்தான்டி கோணலா நிக்குது."

அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "சோதனைக்குத்தான் போறோமே. முதல் தடவையே வண்டி பாஸாகலேன்னா, சாவியை உன் கையில குடுத்துட்டு உட்கார்ந்துடறேன். போதுமா?"

அன்றிலிருந்து காருக்கு ராஜ உபசாரம். டயருக்குக் காற்று, வைப்பருக்குப் புது ரப்பர். சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் இழுத்து மாட்டினார், கழற்றினார், திரும்பவும் மாட்டினார். ஹாரனை அடித்து அடித்துப் பார்த்ததில் எதிர்வீட்டு நாய்க்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. உன் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இப்படி ஓடலைடி என்று அம்மா கேலி செய்தாள்.

விளக்கு பார்ப்பதற்கு மட்டும் மகள் வேண்டும். அவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். அவள் பின்னால் நின்று சொல்வாள். பல்பைக் கழற்றிய அன்று சாயங்காலமும் கூப்பிட்டார்.

"எரியுதாம்மா?"

"எரியுதுப்பா. ரெண்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்தார், முதல் டிரிப்புக்குக் கிளம்புகிற மாதிரி. காரின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஜன்னல் வழியே பார்த்த மகளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் தோற்கடித்தா சாவியை வாங்குவது? கண்ணைப் பற்றி முகத்துக்கு நேரே பேசிவிடலாம், திட்டினால் திட்டட்டும். அவர் காபி குடிக்க உள்ளே போனதும், ஓடிப்போய் பல்பை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாள்.

கிளம்பும் முன் அப்பா ஒரு முறை தானே உட்கார்ந்து எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார். அப்புறம், வண்டிச் சத்தத்தைக் கவனிக்கணும் என்று சொல்லி அவளையே ஓட்டச் சொன்னார்.

சோதனை நிலையத்தில் முன்னால் நாலு கார் நின்றது. அப்பாவைக் காரோடு விட்டுவிட்டு, மகள் கவுண்டரில் காகிதங்களைக் கொடுத்து முத்திரை வாங்கி வந்தாள். முறை வந்தது. சோதனைக்காரர் அதிகம் பேசாத ஆள். காரை மேடையில் ஏற்றி, தட்டி, அசைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர் பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார்.

"இடது பிரேக் லைட் எரியல. ஃபெயில்."

மகளுக்குப் பொறுக்கவில்லை. காலையில்தான் நானே மாட்... என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டு, "காலையில எரிஞ்சுது சார்" என்றாள். ஒரு வாரம் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணியவரை ஒரு பல்புக்காகத் திருப்பி அனுப்புவீர்களா என்று சண்டைக்கே போய்விட்டாள். சோதனைக்காரர் டிக்கியைத் திறந்து காட்டினார். பல்பு இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது.

"விடும்மா. அவர் மேல தப்பில்ல."

அப்பா அவளைத் தனியே கூட்டிப்போனார். சோதனைக்காரர் திருப்பிக் கொடுத்த சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அதன் பக்கத்திலேயே, சட்டைப் பையிலிருந்து எடுத்து, அந்தப் பல்பையும் வைத்தார்.

"இடது கண்ணு புகை மூட்டமாத்தான் இருக்கும்மா. ஒரு வாரமா பாப்பாவை நடத்தித்தான் கூட்டிட்டு வர்றேன், கழுவின வண்டி அழுக்காயிடும்னு சாக்குச் சொல்லி. உங்கம்மா முன்னாடி என் வாயால எப்படிச் சொல்றது? வண்டி ஃபெயிலானா மரியாதையா இறங்கிடலாம்னு பார்த்தேன்."

அப்பா குறைப்பட்டுக்கொள்கிற குரலில் கேட்டார்.

"நேத்து பிரேக்கை மிதிச்சப்ப பின்சுவத்துல ஒரு சிவப்புதான் விழுந்துச்சு. சரி, மக பார்த்துக்கிட்டான்னு நிம்மதியாத் தூங்கினேன். காலையில மிதிச்சா ரெண்டு விழுது. எதுக்கும்மா திரும்ப மாட்டினே?"